அப்பாவுக்கு ஒரு தபால் பை

ஆப்பிரிக்காவின் நடுக்காட்டில் ஸ்டான்லி, டாக்டர் லிவிங்ஸ்டனைக் கண்டுபிடித்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். டாங்கனிக்கா ஏரிக்கரையில் உஜிஜி என்ற ஊர். வருஷம் 1871. சுற்றிலும் ஜனக்கூட்டம். அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் நிருபரான ஸ்டான்லி தொப்பியைக் கழற்றியபடி, 'டாக்டர் நீங்கள்தானே?' என்கிற அர்த்தத்தில் ஒரு கேள்வி கேட்பார். ஏதோ லண்டன் கிளப்பில் கைகுலுக்கி அறிமுகம் செய்துகொள்கிற மாதிரி! அந்த ஒரு வரியை வைத்து 150 வருஷமாக ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதை விட்டுவிடுவோம். கைகுலுக்கல் முடிந்து இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்த பிறகு நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஸ்டான்லி தன் ஆளைக் கூப்பிட்டு ஒரு தபால் பையைக் கொண்டுவரச் சொன்னார். ஜான்ஸிபார் தீவில் கட்டிய பை. மேலே தேதி போட்டிருக்கிறது - 1870 நவம்பர் 1. அதாவது அந்தப் பை கிளம்பி முழுசாக ஒரு வருஷம் ஆகிவிட்டது. லிவிங்ஸ்டன் பையை மடியில் வைத்துக்கொண்டார். பிரித்தார். பிள்ளைகள் எழுதிய கடிதங்களில் ஒன்றிரண்டை எடுத்துப் படித்தார். முகம் மலர்ந்தது. அப்புறம்தான் வேடிக்கை. மீதிக் கடிதங்களை அப்படியே வைத்துவிட்டு, 'சரி, உலகத்தில் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்' என்று நிருபரைப் பார்த்துக் கேட்டார்!

ஸ்டான்லிக்கு ஒன்றும் புரியவில்லை. 'முதலில் உங்கள் கடிதங்களைப் படியுங்கள் ஐயா, எவ்வளவு ஆவலாக இருப்பீர்கள்' என்றார். கடிதத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்து பொறுமை பழகிவிட்டது, இன்னும் சில மணி நேரம் காத்திருக்க முடியாதா என்கிற தோரணையில் பதில் வந்தது கிழவரிடமிருந்து.

கிழவர் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அப்போது வயது 58தான். காய்ச்சலும் பட்டினியும் ரத்தபேதியும் சேர்ந்து கிழவராக்கியிருந்தன.

ஸ்டான்லி சொல்லத் தொடங்கினார். சூயஸ் கால்வாய் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் பசிபிக் கரைவரை ரயில் போகிறது. ஜெனரல் கிராண்ட் ஜனாதிபதியாகிவிட்டார். ஸ்பெயின் ராணியை விரட்டிவிட்டார்கள். பிரான்ஸை பிரஷ்யா நொறுக்கிவிட்டது. இதில் ஒன்றுகூட லிவிங்ஸ்டனுக்குத் தெரியாது. நாம் அரை நாள் செல்போன் சார்ஜ் இல்லாமல் இருந்தாலே உலகம் இருண்டுவிட்டது போல் துடிக்கிறோம். இந்த மனிதர் ஐந்து வருஷத்துச் செய்தியை ஒரே மாலையில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

இருக்கட்டும். ஆனால் பிள்ளைகளின் கடிதம் மடியில் இருக்கும்போது ஸ்பெயின் ராணியைப் பற்றிக் கேட்க ஒரு அப்பாவால் எப்படி முடிந்தது? பொறுமையா, பாசக் குறைவா, பயமா? இந்தக் கேள்வி எனக்குள் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பதில் வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்தின் தபால் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

விக்டோரியா ராணியின் காலம்தான் பிரிட்டனில் கடிதங்களின் பொற்காலம். 1840ல் பென்னி போஸ்ட் வந்தது. அரை அவுன்ஸ் கடிதம், நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே ஒரு பென்னி. அதற்கு முன்னால் தாள் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் தக்கபடி கட்டணம். காசை மிச்சம் பிடிக்க எழுதிய தாளையே திருப்பிப் பிடித்து, வரிகளின் குறுக்காக இன்னொரு கடிதம் எழுதுவார்கள். படிப்பவர் கண் பிதுங்கிவிடும். பென்னி போஸ்ட் வந்ததும் வேலைக்காரப் பெண்ணும் அம்மாவுக்குக் கடிதம் போட முடிந்தது. லண்டனில் ஒரே நாளில் பல தடவை தபால் பட்டுவாடா. காலையில் எழுதினால் சாயங்காலம் பதில் வந்துவிடும்!

ஆனால் இந்த வசதியெல்லாம் ஊர் எல்லைக்குள்தான். அதே காலத்தில்தான் பிரிட்டன் தன் ஆண்களைக் கப்பல் கப்பலாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. சிப்பாய், கலெக்டர், பாதிரியார், வியாபாரி. அப்பா ஒரு கண்டம், பிள்ளைகள் ஒரு கண்டம். குழந்தைக்குப் பல் முளைத்த செய்தி அப்பாவுக்குப் போய்ச் சேரும்போது குழந்தை ஓட ஆரம்பித்திருக்கும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது மாதக் கணக்கு. லிவிங்ஸ்டன் குடும்பத்துக்கு வருஷக் கணக்கு.

டேவிட் லிவிங்ஸ்டன் ஸ்காட்லாந்துக்காரர். 1813ல் பிளான்டையர் என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பத்து வயதில் பஞ்சாலை வேலைக்குப் போனவர். ராப்பாடம் படித்து, டாக்டராகி, மிஷனரியாகித் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே குருமான் என்ற இடத்தில் பழம்பெரும் மிஷனரி ராபர்ட் மோஃபட்டின் மகள் மேரியை 1845ல் கல்யாணம் செய்துகொண்டார். ராபர்ட், ஆக்னெஸ், தாமஸ் என்று வரிசையாகக் குழந்தைகள்.

மனிதருக்கு ஒரே இடத்தில் இருப்புக் கொள்ளாது. கர்ப்பிணி மனைவியையும் குழந்தைகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கலகாரி பாலைவனத்தைக் கடந்து வடக்கே போனார். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. 1850ல் முதல் பயணம் முடிந்து வீடு திரும்பியதும் பிறந்த பெண் குழந்தை எலிசபெத், ஆறு வாரத்தில் இறந்துபோனது. மேரிக்கு முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் திரும்பவும் கிளம்பினார்கள், மேரி திரும்பவும் கர்ப்பம். மாமியார் எழுதிய கடிதத்தில் அனல் பறந்தது; ஒரு குழந்தையைப் பறிகொடுத்தது போதாதா, ஊர் உலகம் என்ன சொல்லும் என்று. மாப்பிள்ளை கேட்கவில்லை. வழியில் நாலைந்து நாள் குடிக்கத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் தாகத்தில் துவண்டு கிடக்க, மேரி கணவரைப் பார்த்து ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லையாம். கண்ணீர் மட்டும்தான். லிவிங்ஸ்டனே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்தில் நதிக்கரையில் பிறந்தவன் ஆஸ்வெல்.

இனி குடும்பத்தோடு அலைய முடியாது என்று கடைசியில் அவருக்கே புரிந்தது. பயணத்தை விட்டிருக்கலாம். குடும்பத்தை அனுப்பிவைத்தார்! 1852 ஏப்ரலில் கேப்டவுனில் மேரியும் நாலு குழந்தைகளும் கப்பல் ஏறினார்கள். மூத்தவனுக்கு ஆறு வயது, கடைசிக்கு ஏழு மாதம். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்பது திட்டம். ஆனது நாலரை வருஷம்.

அந்த நாலரை வருஷத்தில் அவர் ஆப்பிரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் குறுக்கே கடந்தார். விக்டோரியா நீர்வீழ்ச்சியைப் பார்த்தார். உலகப்புகழ் பெற்றார். மேரி? ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவளுக்கு பிரிட்டன் அந்நிய தேசம். மாமனார் வீட்டோடு ஒத்துப்போகவில்லை. வாடகை அறை மாற்றி வாடகை அறை, ஊர் மாற்றி ஊர். மிஷனரி சங்கத்துக்குப் பணம் கேட்டு மன்றாடிக் கடிதங்கள். குடிப்பழக்கம் தொற்றிக்கொண்டது. இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

1854ல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்குக் கரையின் லுவாண்டா துறைமுகத்தில் வந்து விழுந்தார். வீட்டிலிருந்து கடிதம் காத்திருக்கும் என்று நம்பி வந்தார். ஒன்றுகூட இல்லை. அங்கிருந்த பிரிட்டிஷ் கப்பல்காரர்கள், 'ஏறிக்கொள்ளுங்கள், ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறோம்' என்று கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டார். தன்னோடு கால்நடையாக வந்த 27 ஆப்பிரிக்கர்களை அவர்கள் ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். கடிதங்கள், வரைபடங்களை மட்டும் 'ஃபோர்ரன்னர்' என்ற கப்பலில் போட்டு அனுப்பினார். அந்தக் கப்பல் மடீரா தீவருகே மூழ்கிப்போனது. தகவல் தெரிந்ததும் பாதி வழியில் உட்கார்ந்து அத்தனையையும் திரும்ப எழுதினார். தன் மனைவி மக்களிடம் இல்லாத நேர்மையை அந்த 27 பேரிடம் காட்டினாரே என்று கோபப்படுவதா, பெருமைப்படுவதா? எனக்கு இரண்டும் வருகிறது.

1856ல் ஊர் திரும்பும் வழியில் கெய்ரோவில் அவருக்குச் செய்தி காத்திருந்தது. ஸ்காட்லாந்தில் அவருடைய அப்பா அந்த வருஷம் பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். பயணக் கதைகளை மகன் வாயால் கேட்க வேண்டும் என்று அவர் ஆசையாகக் காத்திருந்தாராம்.

வீடு வந்ததும் புத்தகம் எழுதினார். விலை ஒரு கினி. முதல் பதிப்பு 12,000 பிரதி, வெளிவருவதற்கு முன்பே விற்றுத் தீர்ந்தது. கையில் காசு, நாடெங்கும் பாராட்டு விழா. பிள்ளைகளுக்கு அப்பா கிடைத்தது பதினைந்து மாதம், அதிலும் மிச்சம் மீதி நேரம். 1858 மார்ச்சில் அரசாங்கச் செலவில் ஸாம்பஸி நதிக்குக் கிளம்பிவிட்டார். இந்த முறை மேரியும் சின்னவன் ஆஸ்வெல்லும் கூட வந்தார்கள். ராபர்ட், ஆக்னெஸ், டாம் மூவரும் ஸ்காட்லாந்தில். கப்பலில் மேரிக்கு வாந்தி. கடல் மயக்கம் என்று நினைத்தார்கள், கர்ப்பம்! கேப்டவுனில் இறங்கித் தாய்வீட்டுக்குப் போனாள்.

அங்கே 1858 நவம்பர் 16ந் தேதி அன்னா மேரி பிறந்தாள். தகவல் அப்பாவுக்கு எப்போது போனது தெரியுமா? அடுத்த வருஷம் நவம்பரில். கிட்டத்தட்ட முதல் பிறந்தநாள் நெருங்கும்போதுதான், தனக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்பதே அவருக்குத் தெரியும்.

1862 தொடக்கத்தில் மேரி குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு ஸாம்பஸிக்குக் கணவரைத் தேடி வந்தாள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. காய்ச்சல். ஏப்ரல் 27ந் தேதி ஷுபாங்கா என்ற இடத்தில் கண்ணை மூடினாள். ஒரு பாவோபாப் மரத்தடியில் புதைத்தார்கள். இப்போது கடிதம் எதிர்த் திசையில் போக வேண்டும். அம்மா இல்லை என்று ஐந்து பிள்ளைகளுக்கும் அப்பா எழுத வேண்டும். அந்தக் கப்பல் தபால் போய்ச் சேரும் வரை அந்தப் பிள்ளைகள் செத்துப்போன அம்மாவை உயிரோடு நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பி.காம். படித்தவன், எதையும் பற்று வரவு போட்டுப் பார்க்கிற புத்தி. இவர்களுடைய பதினேழு வருஷ மணவாழ்க்கையில் எட்டு வருஷத்துக்கு மேல் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தே இருந்தார்கள். ஏறக்குறைய சரிபாதி.

மூத்தவன் ராபர்ட் கதை இன்னும் பரிதாபம். படிப்பு ஏறவில்லை, யாருக்கும் அடங்கவில்லை. அப்பா கடிதம் மூலமாகக் கண்டித்துப் பார்த்தார். (பல மாதம் கழித்து வந்து சேரும் கண்டிப்பு என்ன பலன் தரும், சொல்லுங்கள்.) 1863ல் அப்பாவையே நேரில் பார்த்துவிடுவது என்று ஆப்பிரிக்கா கிளம்பி நேட்டால் வரை வந்துவிட்டான். அதற்கு மேல் ஸாம்பஸிக்குப் போக வழி கிடைக்கவில்லை. சுற்றிச் சுற்றி அமெரிக்காவில் போய் விழுந்தான். அங்கே உள்நாட்டுப் போர். வடக்குப் படையில் ரூபர்ட் வின்சென்ட் என்ற பெயரில் சேர்ந்தான்.

1864ல் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். உங்கள் பெயருக்கு மேலும் களங்கம் வேண்டாம் என்றுதான் பெயரை மாற்றிக்கொண்டேன் என்று. சண்டையில் தெரிந்து யாரையும் காயப்படுத்தவில்லை, துப்பாக்கியை மேலே தூக்கித்தான் சுட்டேன் என்று. அப்பா அப்போது ஆப்பிரிக்காவில் இல்லை, இங்கிலாந்தில்தான் நண்பரின் மாளிகையில் அடுத்த புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். மகன் தேடிப் போனபோது அப்பா காட்டில், அப்பா ஊர் திரும்பியபோது மகன் போர்க்களத்தில். அந்த டிசம்பரில் வட கரோலினாவின் சாலிஸ்பரி கைதி முகாமில் ராபர்ட் இறந்துபோனான். வயது 18. அப்பாவும் மகனும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது 1858ல், அவனுக்குப் பன்னிரண்டு வயதில்.

அதே 1864ல்தான் கடைக்குட்டியை முதன்முதலாகப் பார்த்தார். ஆகஸ்ட் 1, ஹாமில்டன் ஊரில் சொந்த வீட்டுக்குள் நுழைகிறார். பெற்ற தாய்க்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அன்னா மேரிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. நல்ல துறுதுறுப்பு என்று அன்று டயரியில் எழுதுகிறார். முன்பின் பார்த்திராத அப்பாவோடு தெருவில் நடந்து போகும்போது அந்தக் குழந்தை சொன்ன குடும்பச் செய்தி என்ன தெரியுமா? தன் சட்டைக்கு கரிபால்டி பட்டன் வைத்தால்தான் பிடிக்கும் என்று! அந்த வருஷம் இத்தாலிய வீரர் கரிபால்டி லண்டன் வந்து, ஊரே அவர் பைத்தியமாக இருந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறார் மனிதர். நதியின் ஆழத்தையும் மலையின் உயரத்தையும் குறித்து வைக்கிற அதே டயரியில், பட்டன்.

பாசக் குறைவு இல்லை என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு வருஷத்தில் திரும்பக் கிளம்பினார். 1865 ஆகஸ்டில் ஆக்னெஸ் பாரீஸ் வரை கூட வந்தாள். அவளை அங்கே படிக்க விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். நைல் நதியின் ஊற்றைக் கண்டுபிடித்தே தீருவது என்று வைராக்கியம்.

வழியில் நம் பம்பாய். முந்தைய வருஷம் தன் சொந்தக் காசு 6,000 பவுண்டில் கட்டிய 'லேடி நியாஸா' என்ற குட்டிக் கப்பலை ஜான்ஸிபாரிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்து பம்பாயில் நிறுத்தியிருந்தார். அதை 2,300 பவுண்டுக்கு விற்றார். பணத்தை இங்கே ஒரு வங்கியில் போட்டார். வங்கி திவாலாகிவிட்டது! அமெரிக்கப் போரால் பருத்தி விலை விண்ணுக்குப் போய், போர் முடிந்ததும் தலைகுப்புற விழுந்து, பம்பாயில் கம்பெனிகளும் வங்கிகளும் சீட்டுக்கட்டாகச் சரிந்த சமயம் அது. எந்தப் போரில் மகன் போனானோ அதே போரின் சூட்டில் அப்பாவின் பணமும் போயிற்று என்று சொல்லலாம்.

1866ல் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி உள்ளே போனார். கூட வந்த கொமோரோ தீவுக்காரர்கள் சிலர் பாதியில் ஓடிவந்து, 'அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள்' என்று ஜான்ஸிபாரில் கதை கட்டினார்கள், சம்பளம் வாங்குவதற்காக. அந்தச் செய்தி 1867ல் லண்டன் போய்ப் பத்திரிகையில் வந்தது. ஒரு தேடும் படை போய் விசாரித்து, பொய் என்று 1868 ஜனவரியில் திரும்பிவந்து சொல்லும் வரை, அந்தப் பிள்ளைகள் அப்பாவுக்கு அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தார்கள்.

அதன்பின் தபால் சுத்தமாக நின்றுபோனது. 1869ல் உஜிஜி வந்து சேர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதிக் கொடுத்தனுப்பினார். பெரும்பாலானவை போய்ச் சேரவில்லை. காரணம் உண்டு. கடிதம் எடுத்துப் போக அவருக்கு இருந்த ஒரே வழி, தந்தமும் அடிமைகளும் வாங்கி விற்கிற வியாபாரிகளின் கூட்டம். அவர் என்ன எழுதுவார் என்று அவர்களுக்குத் தெரியாதா? தங்கள் அக்கிரமத்தைத்தான் எழுதியிருப்பார் என்று கடிதங்களை அழித்துவிட்டார்கள். அந்தப் பக்கமிருந்து வரவேண்டியதும் வரவில்லை. ஜான்ஸிபாரில் காலரா வந்து சுமைகூலிகள் செத்தார்கள். நடுவழியில் மிராம்போ என்ற தலைவருக்கும் அரபு வியாபாரிகளுக்கும் சண்டை மூண்டு பாதை அடைபட்டது.

1871ல் தாளும் மையும் தீர்ந்தன. பழைய 'ஸ்டாண்டர்டு' செய்தித்தாளின் அச்செழுத்துகளுக்குக் குறுக்கே, காட்டுச் செடியின் சாறை மையாக்கி டயரி எழுதினார். பென்னி போஸ்ட்டுக்கு முந்தைய அந்தக் குறுக்கெழுத்து வித்தை நினைவிருக்கிறதா? ஏழ்மை எல்லா இடத்திலும் ஒரே தந்திரத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறது. மங்கிப்போன அந்த எழுத்தை 2010, 2011ல்தான் பல நிற ஒளிகளில் படமெடுத்துப் படித்தார்கள். நியாங்வே சந்தையில் அடிமை வியாபாரிகளின் ஆட்கள் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுத் தள்ளியதைக் கண்ணால் கண்டு எழுதிய பக்கங்கள் அதில் இருக்கின்றன. அந்த அதிர்ச்சியோடு, கையில் ஒன்றுமில்லாமல், உஜிஜிக்குத் திரும்பி வந்து கிடந்தபோதுதான் ஸ்டான்லி வந்தார்.

ஸ்டான்லி நவம்பர் 10 என்று எழுதுகிறார். லிவிங்ஸ்டன் கணக்கில் அது அக்டோபர் கடைசி. அவருக்குத் தேதியே தப்பிப்போயிருந்தது.

இப்போது அந்தத் தபால் பைக்கு வருவோம். அரசாங்கம் அவருக்காக அனுப்பிய சாமான்களோடு ஜான்ஸிபாரை விட்ட பை அது. எதிர்க்கரையான பகமோயோவிலேயே, அதாவது கடலைத் தாண்டிய மறுநிமிஷமே, கிட்டத்தட்ட நூறு நாள் சும்மா கிடந்தது. அப்புறம் பாதி வழியில் உன்யான்யெம்பே என்ற ஊரில் கிடந்தது. அங்கே அதைப் பார்த்த ஸ்டான்லி, இது இப்படியே போனால் போய்ச் சேராது என்று கையோடு எடுத்துக்கொண்டார். தபால்காரர் வேலையும் சேர்த்துப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பையை மடியில் வைத்திருப்பவர் நிலைமையிலிருந்து யோசித்துப் பாருங்கள். லுவாண்டாவில் வெறுங்கை. கெய்ரோவில் அப்பா மரணம். மகள் பிறந்த சேதி ஒரு வருஷம் லேட். மகனின் கடிதத்தில் மாற்றுப் பெயர். இத்தனை வருஷத்தில் தபால் அவருக்குக் கொண்டுவந்ததைப் பட்டியல் போட்டால், உறையைப் பிரிக்க யாருக்கும் கை நடுங்கும். ஒன்றிரண்டைப் படித்து, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார். அது போதும். மீதியைத் தனியாக இருக்கும்போது படித்துக்கொள்ளலாம். பொறுமை என்று அவர் சொன்னதை ஸ்டான்லி நம்பினார். எனக்கென்னவோ, முன்பின் தெரியாத நிருபருக்கு முன்னால் அழக்கூடாது என்ற ஸ்காட்லாந்து வைராக்கியமும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

நாலு மாதம் இருவரும் சேர்ந்திருந்தார்கள். ஊருக்கு வந்துவிடுங்கள் என்று ஸ்டான்லி கெஞ்சினார். உடம்பைத் தேற்றிக்கொண்டு, பல் கட்டிக்கொண்டு திரும்பி வரலாமே என்றார். லிவிங்ஸ்டன் ஊசலாடினார். 1872 தொடக்கத்தில் டயரியில் இதை எழுதி, கடைசியில் தன் முடிவுக்கு ஆதரவாக ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறார். வேறு யாருமில்லை, ஆக்னெஸ்.

அவள் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். நீங்கள் வரவேண்டும் என்று எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக மட்டும் திரும்புவதைவிட, உங்கள் மனசுக்குத் திருப்தியாக வேலையை முடிப்பதையே நான் விரும்புவேன் என்ற பொருளில். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என்னை உரித்து வைத்திருக்கிறாள் என்று எழுதி, அவளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆசீர்வாதம் சொல்கிறார்.

அவளுக்கு அப்போது 24 வயது. பாரீஸில் கையசைத்த பிறகு அப்பாவைப் பார்த்து ஆறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்த வரியை எழுத அவளுக்கு எவ்வளவு மனசு வேண்டியிருந்திருக்கும்! நம் வீடுகளில் 'நீங்க எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க' என்று பெண் பிள்ளைகள் சொல்வதில்லையா, அந்த ரகம். அதில் முதல் பாதியும் உண்டு, இரண்டாம் பாதியும் உண்டு. அப்பா இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டார்.

1872 மார்ச் 14ந் தேதி ஸ்டான்லி விடைபெற்றார். தன் பெரிய டயரியை லிவிங்ஸ்டன் அவரிடம் கொடுத்தனுப்பினார். ஐந்து அரக்கு முத்திரை. முத்திரைக்கு அச்சு எங்கே போவது? ஒரு அமெரிக்கத் தங்கக் காசு, நம் ஒரு அணா, அரை அணா, அப்புறம் ராஜ சின்னம் பதித்த வர்ணக்கட்டி, கிடைத்ததையெல்லாம் வைத்து அழுத்தியிருக்கிறார். கண்டிப்பாகப் பிரிக்கக்கூடாது என்று மேலே எழுதினார். ஆக்னெஸிடம் சேர்க்க வேண்டியது.

ஸ்டான்லி கரைக்கு வந்தபோது ஒரு ஆச்சரியம். லிவிங்ஸ்டனைத் தேட லண்டனிலிருந்து ஒரு படை ஜான்ஸிபார் வந்து இறங்கியிருந்தது, அதில் மகன் ஆஸ்வெல்! நதிக்கரையில் பிறந்தவன், இருபது வயது வாலிபன். அப்பாதான் கிடைத்துவிட்டாரே என்று படை கலைந்தது. ஆஸ்வெல் போகலாமா வேண்டாமா என்று தயங்கினான், உடம்பும் சரியில்லை, கடைசியில் ஊருக்கே கப்பல் ஏறிவிட்டான். அத்தனை தூரம் வந்தவன் திரும்பிப் போன செய்தி உன்யான்யெம்பேயில் காத்திருந்த அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கசந்துபோனார். ராபர்ட்டால் வந்து சேர முடியவில்லை, ஆஸ்வெல் வரவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல இவருக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

லண்டனில் ஸ்டான்லி சொன்னதை நம்ப ஆள் இல்லை. கடிதங்கள் போலி, டயரி போலி என்று பேச்சு. டாம்தான் ஆகஸ்ட் 2ந் தேதி எழுத்து மூலம் சான்று கொடுத்தான் - இவை என் அப்பாவின் கடிதங்கள்தான், வேறு யாருடையதும் அல்ல என்று. அப்பாவின் குரலைவிட அப்பாவின் கையெழுத்தை நன்றாக அறிந்த பிள்ளைகள்!

1873 மே மாதத் தொடக்கத்தில், சிட்டாம்போ என்ற தலைவரின் கிராமத்தில், முழங்காலிட்ட நிலையில் லிவிங்ஸ்டன் இறந்துகிடந்தார். சூஸியும் சூமாவும் மற்றவர்களும் இதயத்தை அங்கேயே மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலை வெயிலில் உலர்த்தி, ஆயிரம் மைலுக்கு மேல் கடற்கரை வரை தோளில் சுமந்து வந்தார்கள். கூட வந்தவர்களில் ஒருவர் நம் நாசிக் மிஷன் பள்ளியில் படித்த ஆப்பிரிக்கர் ஜேக்கப் வெயின்ரைட். உடல் 1874 ஏப்ரலில் இங்கிலாந்து வந்தது. முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை. எப்போதோ சிங்கம் கடித்து முறிந்த இடது கை எலும்பை வைத்துத்தான் டாக்டர்கள் உறுதி செய்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம்.

ஆக்னெஸிடம் இருந்த அந்தப் பெரிய டயரி, மரணச் செய்தி நிச்சயமாகும் வரை முத்திரை உடையாமல் இருந்தது. ஒன்றரை வருஷம். பிறகுதான் திறந்தார்கள். உடலோடு வந்த மற்றக் குறிப்பேடுகளையும் சேர்த்து, 1874 டிசம்பரில் இரண்டு பாகமாகப் புத்தகம் வெளிவந்தது. இரண்டாம் பாகத்தில் ஆக்னெஸின் அந்த வரியும் இருக்கிறது. அதன் கீழேயே அப்பாவின் பெருமையும் ஆசீர்வாதமும்.